செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

விடிய நாலே முக்காலுக்கு எழுதத் தொடங்கினன்.
"வணக்கம் சேர்" எண்டதோட நிண்டுபோச்சு.
கட்டைவிரல் நடுங்கி
காய்ச்சலுக்கு ஒரு ய் கூட விழுந்தது.
அழிச்சன்.
அந்த ய்யை விட்டிருந்தால்
கொஞ்சம் நம்பியிருப்பாரோ எண்டு பிறகு யோசிச்சன்.

மூண்டு நாளாய்ப் பனடோல்.
முந்தநாள் முத்தையன்கட்டு வாய்க்காலடியில
மோட்டார் சைக்கிளை நிப்பாட்டிச் சத்தி எடுத்தன்.
பையில எழுபத்தி நாலாயிரம், கட்டுக்காசு.
ஒரு கையால பையைப் பொத்திப் பிடிச்சபடிதான் எடுத்தன்.

"உடம்பு சரியில்லை" எண்டு போட்டுப் பார்த்தன்.
பொய் மாதிரிக் கிடந்தது.
"எழும்பவே ஏலாது" எண்டு போட்டன்.
அது போன கிழமை தவநிதியக்கா சொல்லிவிட்ட சொல்லு.
வேற சொல்லு வரேல்லை.
அனுப்பினன்.

ரெண்டு சரியும் நீலமாச்சுது. உடன அழைப்பு.

"இண்டைக்குச் செவ்வாய் எண்டு தெரியுமோ?"
ஓம் சேர்.
"மூண்டு செண்டர். ஐம்பத்தொரு பேர்."
ஓம் சேர்.
"காய்ச்சல் எண்டால் எத்தினை?"
வீட்டில மானி இல்லை சேர்.
"இஞ்ச பாரும், எல்லாருக்கும்தான் வருத்தம்.
வருத்தம் எண்டால் தவணை நிக்குமோ?"

எனக்கு அந்த வசனத்தைத் தெரியும்.
வவுனியாவில பயிற்சியில சேர் தந்தது,
நான்தான் அதை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோனனான்,
தவநிதியக்காவின்ர தகரப் படலையில கையை வைச்சபடி
சொன்னனான்.

பள்ளிக்கூடச் சட்டையோட மகள் வந்தவள்,
பத்து வயசிருக்கும்.
அம்மாவுக்கு ஏலாதாம் எண்டவள்.
ஒருக்கா வெளியில வரச்சொல்லு, பாப்பம் எண்டனான்.
வந்தவ. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு.
நான் முகத்தைப் பார்க்கேல்லை.
காதைப் பார்த்தனான்,
தோடு கிடக்கோ எண்டு.

"வீடியோ கோலுக்கு வாரும், ஆளைப் பாப்பம்" எண்டார் சேர்.
வந்தன்.
மூலைச் சின்னப் பெட்டிக்குள்ள என்னையும் கண்டன்.
வெடிச்ச உதடு, மூண்டு நாள் தாடி,
எண்டாலும் காணாது போலதான் இருந்தது.
கண்ணைக் கொஞ்சம் சுருக்கினன்.
தலையைச் சுவரில சாய்ச்சன்.
உண்மையான காய்ச்சலுக்கு
நடிக்கவும் வேண்டிக் கிடந்தது.

"சரி. இண்டைக்கு மட்டும்.
நாளைக்கு ஆஸ்பத்திரித் துண்டோட வாரும்."

பிறகு படுத்தன்.
தகரம் சூடேறி டிக் டிக் எண்டு விரியிற சத்தம்.
வெள்ளைச் சேட்டு ஆணியில தொங்குது,
சட்டைப்பையில நேற்றையப் பேனை.

ஒன்பதரைக்கு யசிந்தாக்கா எடுத்தா,
ரெண்டாம் செண்டர்த் தலைவி.
"தம்பி, பாலையடியில பதினேழு பேர் நிக்கிறம்.
இந்திராணி கச்சான் பிடுங்கப் போகாமல் நிக்கிறாள்.
வருவியளோ?"
காய்ச்சல் அக்கா.
"ஐயோ" எண்டா.
அதை அங்கால திரும்பிச் சொன்னது கேட்டது.
ஆரோ சிரிச்சதும்
ஆரோ அவளை அடக்கினதும் கேட்டது.
நானும் அவையளின்ர இடத்தில நிண்டால்
சிரிச்சிருப்பன்.

"பப்பாசி இலையை இடிச்சுக் குடியுங்கோ" எண்டா.
கொஞ்ச நேரம் பேசேல்லை.
"தம்பி, கோவிக்காமல் ஒண்டு சொல்லுங்கோ.
நீங்கள் வராத நாளுக்கும்
பிந்தின காசு எங்களுக்கோ விழும்?"

எனக்குத் தெரியேல்லை.
அஞ்சு வருசத்தில ஒரு செவ்வாயும் நான் நிண்டதில்லை.
கேட்டுச் சொல்லுறன் எண்டன்.

போர்வையை விலக்கி
திரும்பவும் எழுதத் தொடங்கினன்.
"சேர், இன்னொரு விசயம்"